குழந்தைக்கு இயற்பியல்: எந்த வழியில் தொடங்குவது?

ஐந்திலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இயற்பியலை அறிமுகப்படுத்த நினைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. பொருள்களைக் கையில் கொடுத்து விளையாட விட்டுவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே ஒரு சோதனை செய்யலாம். புத்தகம் படித்துக் காட்டலாம். வீடியோ போடலாம். திரையில் இயங்கும் சிமுலேஷனைத் திறந்து கொடுக்கலாம். பெட்டியில் வரும் அறிவியல் கிட் வாங்கித் தரலாம். எல்லாவற்றையும் செய்ய நேரம் இருக்காது, தேவையும் இல்லை. எதை முதலில் வைப்பது, எதைத் துணைக்கு வைத்துக்கொள்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதுதான் கேள்வி.

இவற்றை ஒப்பிட நான் ஒரே ஓர் அளவுகோலை வைத்திருக்கிறேன். என்ன நடக்கப்போகிறது என்று குழந்தை முன்கூட்டியே தன் வாயால் சொல்ல அந்த வழி இடம் கொடுக்கிறதா? விலை, வேடிக்கை, அழகு எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

குழந்தையிடம் ஏற்கெனவே ஓர் இயற்பியல் இருக்கிறது

கனமான பொருள் சீக்கிரம் விழும். தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும். கம்பளிக்குள் சூடு இருக்கிறது. கண்ணிலிருந்து ஏதோ கிளம்பிப்போய்ப் பொருளைத் தொடுவதால்தான் அது தெரிகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே குழந்தைகள் இப்படியெல்லாம் நம்புகிறார்கள். இவை முட்டாள்தனமான நம்பிக்கைகள் இல்லை. முதல் இரண்டும் அரிஸ்டாட்டில் சொன்னவைதான். பார்வைக் கதிர் கண்ணிலிருந்து கிளம்புகிறது என்று பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதினார். ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று அரபு அறிவியலாளர் இப்னு அல்-ஹைதம் வலுவாக நிறுவியது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான்.

பள்ளிக்கூடம் போனால் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட முடியாது. 1980-இல் மைக்கேல் மெக்லாஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். வளைந்த குழாய் ஒன்று தரையில் படுத்திருக்கிறது, உள்ளே உருண்டு வரும் குண்டு வெளியே வந்ததும் எந்தப் பாதையில் போகும்? நேர்கோட்டில் போகும் என்பதுதான் சரியான விடை. வெளியே வந்த பிறகும் வளைந்தே போகும் என்று கணிசமானவர்கள் வரைந்து காட்டினார்கள். சரியான விடையைக் காதில் போட்டால் அது தேர்வுத்தாளுக்கு என்று ஓர் ஓரத்தில் தங்கிவிடுகிறது. அன்றாடம் நம்பும் விஷயம் அப்படியே இருக்கிறது. குழந்தை தன் நம்பிக்கையை வெளியே எடுத்து வைத்து, அதை உலகத்தோடு மோதவிட்டால்தான் இரண்டும் சந்திக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. உலோகத் தட்டு ஒன்றையும் மரப்பலகை ஒன்றையும் ஒரே அறையில் சில மணி நேரம் வைத்துவிடுங்கள். குழந்தையை இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "இது ஜில்லுனு இருக்கு" என்று உலோகத்தைக் காட்டும். இப்போது ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை எடுத்துவைத்து, எதன்மேல் வைத்தால் சீக்கிரம் உருகும் என்று கேளுங்கள். "மரத்துமேல" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும், பெரியவர்களிடமிருந்தும்கூட. வைத்துப் பாருங்கள். உலோகத்தின் மேல் இருப்பது கண்முன்னே தண்ணீராகிவிடும். மரத்தின் மேல் இருப்பது நிதானமாக உட்கார்ந்திருக்கும். உண்மையில் இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் இருந்தன. உலோகம் வெப்பத்தை வேகமாகக் கடத்துகிறது. கையிலிருந்து வேகமாக எடுத்துக்கொள்வதால் ஜில்லென்று தோன்றியது, பனிக்கட்டிக்கு வேகமாகக் கொடுத்ததால் அதை உருக்கியது.

இதையே முன்கூட்டிக் கேட்காமல் செய்து காட்டியிருந்தால்? பனிக்கட்டி உருகியது, அவ்வளவுதான். குழந்தை அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கும். இது என் ஊகம் மட்டும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கிரவுச்சும் எரிக் மஸூரும் அவர்கள் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. வகுப்பில் செய்து காட்டப்பட்ட சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிட அந்தக் கருத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கவில்லை. என்ன நடக்கும் என்று முன்பே கணித்துவிட்டுப் பார்த்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதற்கு ஆன கூடுதல் நேரம் சில நிமிடங்கள்தான். அவர்கள் கல்லூரி மாணவர்கள். ஏழு வயதுக் குழந்தைக்கும் கணிப்பு வேண்டும் என்று நான் சொல்வது, பனிக்கட்டி போன்ற சோதனைகளின்போது குழந்தைகளின் முகம் மாறுவதைப் பார்த்துத்தான்.

சும்மா விடுவதா, சொல்லிக் கொடுப்பதா?

இந்தச் சண்டை பழையது. இரண்டு பக்கமும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

2011-இல் எலிசபெத் போனவிட்ஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகளிடம் புதுமாதிரி பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள். ஒலி எழுப்பும் குழாய் ஒன்று, அதுபோக வெளிச்சம், இசை, கண்ணாடி என்று அதில் பல சங்கதிகள் ஒளிந்திருந்தன. "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒலியை மட்டும் கற்றுக்கொடுத்தபோது குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்றவற்றை அவ்வளவாகக் கண்டுபிடிக்கவில்லை. எதுவும் கற்றுக்கொடுக்காதபோதோ, ஒலி தற்செயலாக எழுந்ததுபோல் காட்டியபோதோ அதிகம் துழாவிப் பார்த்தார்கள். பெரியவர் ஒன்றைக் காட்டினால், காட்ட வேண்டியது அவ்வளவுதான் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது.

சரி, அப்படியானால் சும்மா விட்டுவிடலாமா? டேவிட் கிளாரும் மிலேனா நிகமும் 2004-இல் மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் சாய்தளத்தையும் பந்துகளையும் கொடுத்தார்கள். பந்து எவ்வளவு தூரம் உருளும் என்பதைத் தீர்மானிப்பது சரிவா, தளத்தின் சொரசொரப்பா, பந்தின் வகையா? இதைக் கண்டுபிடிக்க ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஒப்பிட வேண்டும். அந்த முறையை நேரடியாகச் சொல்லிக் கொடுத்த குழந்தைகளில் 77 சதவீதம் பேர் அதில் தேர்ந்தார்கள். தாமாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விடப்பட்டவர்களில் 23 சதவீதம் பேர்.

இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பதுபோல் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு விஷயங்களைச் சோதிக்கின்றன. ஒரு பொருள் என்னென்ன செய்யும் என்பதைக் குழந்தையே தேடட்டும். அங்கே நம் வாய் குறுக்கே வரக்கூடாது. ஒரு விஷயத்தை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி என்பது தானாக வராது. அதைப் பெரியவர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். "ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டா எதனால ஆச்சுன்னு எப்படித் தெரியும்?" என்ற ஒரு கேள்வி போதும். அதைச் சலிக்காமல் பல முறை கேட்க வேண்டியிருக்கும்.

ஆகவே முதலில் கொஞ்ச நேரம் கட்டுப்பாடில்லாத விளையாட்டு, அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கணிப்பு, சோதனை, காரணம். இந்தச் சேர்க்கையைத்தான் நான் முதலிடத்தில் வைக்கிறேன். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கணிக்கச் சொல்வது சீக்கிரமே தேர்வாக மாறிவிடும். தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்த குழந்தை "தெரியல" என்று ஒதுங்கிக்கொள்ளும். அதனால் நீங்களும் கணியுங்கள். இருவர் கணிப்பையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்களுக்கே விடை தெரியாத சோதனை கிடைத்தால் இன்னும் நல்லது. கணிப்பு பொய்த்தால் "தப்பு" என்று சொல்லாமல் "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். கணிப்பு பலித்தால் அங்கேயே நின்றுவிடாமல் அப்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். தவறான காரணத்தை வைத்துச் சரியான விடைக்கு வந்து சேரும் குழந்தைகள் நிறைய.

புத்தகம், வீடியோ, சிமுலேஷன், கிட்

புத்தகத்தில் கணிப்புக்கு இடம் இருக்கிறது, பக்கத்தைத் திருப்பும் முன் நிறுத்தினால். அனுபவத்துக்கு அப்புறம் வரும்போது அது மிகவும் பயன்படும். பனிக்கட்டி உருகியதைப் பார்த்த குழந்தை வெப்பக் கடத்தலைப் பற்றிப் படிக்கும்போது, தான் பார்த்த ஒன்றுக்குப் பெயர் கிடைக்கிறது. அனுபவத்துக்கு முன்னால் வந்தால் பெயர் மட்டும்தான் கிடைக்கும்.

வீடியோவின் பலம், வீட்டில் செய்ய முடியாததைக் காட்டுவது. 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலாவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலையும் இன்னொரு கையில் வல்லூறின் இறகையும் பிடித்துக் கீழே விட்டார். காற்று இல்லாத இடம், இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. இதற்கு ஈடான சோதனையை எந்த வீட்டிலும் செய்ய முடியாது. ஆனால் அவர் கையை விடும் முன் வீடியோவை நிறுத்துங்கள். நிறுத்திக் கேளுங்கள். அதற்கும் முன்னால், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒரு தாளையும் தனித்தனியாகக் கீழே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். தாள் மிதந்து மிதந்து இறங்கும். பிறகு அந்தத் தாளை நோட்டின் மேல், விளிம்பு வெளியே நீட்டாமல் வைத்துப் போட்டால் இரண்டும் ஒன்றாக விழும். தாளைக் கசக்கி உருட்டிப் போட்டாலும் ஏறக்குறைய நோட்டோடு சேர்ந்தே விழும். எடை மாறவில்லை, காற்று தடுக்கும் பரப்புதான் மாறியது. இவ்வளவையும் செய்த குழந்தைக்கு நிலாக் காட்சி ஒரு விடை. நேராக நிலாவைக் காட்டினால் அது ஒரு வியப்பு, அடுத்த வீடியோ வரைக்கும். வீடியோ நிற்காமல் ஓடுவதுதான் அதன் குறை. கேள்வி எழும் முன்னே விடை வந்து விழுந்துவிடுகிறது. தனியாகப் பார்க்க விடுவதாக இருந்தால், இயற்பியல் கற்பிக்கும் வழிகளில் அதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

சிமுலேஷன் வேறு மாதிரி. குழந்தையே மாற்றுகிறது, விளைவு உடனே தெரிகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் திட்டத்தின் சிமுலேஷன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் மின்சுற்றைப் பற்றியதை முதலில் பார்க்கலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வதை வேறெங்கும் பார்க்க முடியாது. மின்சாரத்தை பல்பு தின்றுவிடுகிறது, திரும்பி வருவது குறைவு என்று பலர் நம்புகிறார்கள். பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு ஓட்டம் இருப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். 2005-இல் நோவா ஃபிங்கல்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், உண்மையான கருவிகளுக்குப் பதிலாக இந்தச் சிமுலேஷனில் பயின்ற கல்லூரி மாணவர்கள், கருத்துக் கேள்விகளிலும் பிறகு உண்மையான சுற்றைக் கட்டுவதிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். இதை நான் மதிக்கிறேன். என்றாலும் எட்டு வயதுக் குழந்தையிடம் திரையை முதலில் கொடுக்க மாட்டேன். திரையில் பந்து எப்படி உருள வேண்டும் என்று யாரோ முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையான பந்துக்கு அப்படி யாரும் எழுதவில்லை. அந்த வித்தியாசம் குழந்தைக்கு உறைக்க வேண்டும்.

அதனால் முதலில் ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பி. எல்.இ.டி. வேண்டாம், இழை எரியும் பழைய வகை பல்பு. எரிய வை என்று மட்டும் சொல்லுங்கள். பெரியவர்களையும் திணறடிக்கும் சவால் இது, ஏனென்றால் பல்பின் அடிமுனையையும் பக்கவாட்டு உலோகத்தையும் தனித்தனியாகத் தொட வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியாது. எரிய வைத்த பிறகு சிமுலேஷனைத் திறக்கலாம். மின்சாரம் என்று வரும்போது பேட்டரி மட்டும்தான், சுவரில் இருக்கும் பிளக் பக்கம் போகவே கூடாது என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

கிட் பெரும்பாலும் ஒரு சமையல் குறிப்பைப் போல எழுதப்பட்டிருக்கிறது. இதை இங்கே செருகு, அதை அங்கே ஒட்டு, இப்போது இது சுற்றும். கணிக்க எதுவும் மிச்சமில்லை. வாங்கிவிட்டால் விளைவு அச்சிட்டிருக்கும் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துவிடலாம், மீதி நல்ல பொருள்கள்தான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் நீங்கள் பாருங்கள். நாணயம்போல் தட்டையான லித்தியம் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடக்கூடும். சிறிய, வலுவான நியோடிமியம் காந்தங்கள் ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால் குடலை இடையில் வைத்து ஒட்டிக்கொள்ளும். இரண்டுமே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இவை வேண்டாம். லேசர் விளக்கும் வேண்டாம்.

எந்தத் தலைப்பில் தொடங்குவது?

வழியைத் தேர்ந்தெடுப்பதைவிட இதில்தான் அதிகம் சறுக்குகிறோம் என்று நினைக்கிறேன். மிதப்பதும் மூழ்குவதும்தான் பலருடைய முதல் தேர்வு. ஒரு தொட்டித் தண்ணீர் போதும், குழந்தைக்கும் கொண்டாட்டம். ஆனால் அதற்குள் இருக்கும் கருத்து கடினமானது. கனமானது மூழ்கும் என்று குழந்தை சொல்லும். பெரிய மரக்கட்டை மிதக்கும், சின்ன ஆணி மூழ்கும். காற்று இருந்தால் மிதக்கும் என்று மாற்றிக்கொள்ளும். மெழுகுவர்த்தியில் காற்று எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்கும். களிமண் உருண்டை மூழ்கும், அதே களிமண்ணைப் படகாக்கினால் மிதக்கும். அடர்த்தி என்பது எடையையும் கன அளவையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்து, ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்க்கும் விஷயம். விகிதத்தைக் கையாள்வது பத்துப் பன்னிரண்டு வயதில்தான் பலருக்குக் கைவசமாகிறது. எனவே சிறு வயதில் தண்ணீரில் விளையாடட்டும், நிறையக் கணிக்கட்டும், விளக்கத்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.

காந்தம் ஈர்க்கும், ஆனால் "ஏன்?" என்று கேட்டால் பெரியவர்களும் திகைத்து நிற்கும் இடம் சீக்கிரம் வந்துவிடும். எல்லா உலோகமும் ஒட்டும் என்ற நம்பிக்கையைச் செம்பையும் அலுமினியத்தையும் வைத்து உடைக்கலாம். காந்தத்துக்கும் கிளிப்புக்கும் நடுவே எத்தனை தாள் வைத்தால் பிடி விட்டுப்போகும் என்று எண்ணலாம். அதுவரைக்கும் நல்லது.

நான் முதலில் வைப்பது நிழலை. ஒரு சின்ன டார்ச், ஒரு சுவர், ஒரு பொம்மை. பொம்மையை டார்ச்சுக்குக் கிட்டே கொண்டுபோனால் நிழல் பெரிதாகுமா, சிறிதாகுமா? கேட்டவுடன் கணிக்கலாம், கணித்தவுடன் பார்க்கலாம், ஒரு நிமிடத்துக்குள் பத்து முறை மாற்றலாம். டார்ச்சுக்கும் சுவருக்கும் சரிநடுவில் பொம்மை நின்றால் நிழல் இரண்டு மடங்கு உயரம். டார்ச்சிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நின்றால் மூன்று மடங்கு. ஐந்து வயதுக் குழந்தைக்கு இது விளையாட்டு, பத்து வயதுக் குழந்தைக்கு வடிவியல். இரண்டு டார்ச் வைத்தால் எத்தனை நிழல் என்ற கேள்வி அதன் பின்னால் காத்திருக்கிறது. ஒளி நேர்கோட்டில் போகிறது என்ற பெரிய கருத்துக்கு இதைவிட எளிதான வாசல் எனக்குத் தெரியாது.

அடுத்து ஊசல். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, போய் வரும் நேரத்தை அளப்பது. கனமாகக் கட்டினால் வேகமாக ஆடும் என்றுதான் குழந்தைகள் பெரும்பாலும் கணிக்கிறார்கள். இரட்டிப்பு எடை கட்டிப் பார்த்தால் நேரம் மாறுவதில்லை. கொஞ்சம் அதிகமாக இழுத்து விட்டாலும் மாற்றம் தெரிவதில்லை. நூலின் நீளத்தை மாற்றினால்தான் மாறுகிறது. தொங்கும் புள்ளியிலிருந்து நட்டின் நடுப்பகுதி வரை 25 சென்டிமீட்டர் என்றால் ஒரு தடவை போய் வர ஒரு விநாடி. இரண்டு விநாடி ஆக்க எவ்வளவு நீளம் வேண்டும்? 50 என்பார்கள். வேண்டியது 100. பத்து ஆட்டத்தை மொத்தமாக அளந்து பத்தால் வகுத்தால் கைக்கடிகாரமே போதும். எடை, இழுப்பு, நீளம் என்று மூன்று காரணிகள் தனித்தனியாக மாற்றத் தோதாக இருப்பதால், ஒன்றை மட்டும் மாற்றும் அந்த முறையைக் கற்றுக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும், குழந்தைகள் எப்படிக் காரணத்தைப் பிரித்தறிகிறார்கள் என்று ஆராய இதே ஊசலைத்தான் எடுத்தார்கள்.

வயதுக்கேற்ப

ஐந்து ஆறு வயதில் நிழல், சாய்தளம், தண்ணீர், காந்தம் என்று நிறைய விளையாட்டு, நடுநடுவே "அடுத்து என்ன ஆகும்?" என்ற கேள்வி மட்டும். காரணம் கேட்டு நச்சரிக்க வேண்டாம், வியப்பு இருந்தால் அதுவே போதும். ஏழிலிருந்து ஒன்பது வரை, கணிப்பை எழுதி வைத்துச் செய்யும் சோதனைகள்: பனிக்கட்டி, விழும் தாள், பல்பு, ஊசல். பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றினால் சீக்கிரம் உருகுமா, தாமதமாகவா என்பதும் இந்த வயதுக்கு உரியது. தாமதமாகத்தான் உருகும் என்று பார்த்ததும், கம்பளிக்குள் சூடு இருக்கிறது என்ற நம்பிக்கை ஆட்டம் காணும். வாரத்துக்கு ஒன்று செய்தால் தாராளம். புத்தகம் இங்கே துணைக்கு வரட்டும்.

பத்து வயதுக்கு மேல் அளவீடும் சிமுலேஷனும் சேர்ந்துகொள்ளலாம். அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, குழந்தையின் விரல்களுக்கு நடுவே சொல்லாமல் விட்டுப் பாருங்கள். 20 சென்டிமீட்டர் விழுந்த பிறகு பிடித்தால், கண் பார்த்துக் கை மூட ஏறக்குறைய 0.2 விநாடி ஆகியிருக்கிறது. 15 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 0.17 விநாடி. தூரத்தை வைத்து நேரத்தைச் சொல்ல முடிகிறதே, எப்படி என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி குழந்தையிடமிருந்து வந்த பிறகு, சூத்திரத்தைத் தாராளமாக எழுதிக் காட்டலாம்.